அமெரிக்க நகைச்சுவை மேடையில் ஒரு தமிழ்ப் பெயர்

நியூயோர்க் நகரத்தில் நகைச்சுவைக்கென்றே அமைந்த சிற்றரங்குகள் பல உண்டு. சிலர் நெருங்கி அமரக்கூடிய ஒரு கூடம், சிறிதே உயர்ந்த ஒரு மேடை, அதன்மேல் ஓர் ஒலிவாங்கி, வேறொன்றும் இல்லை. அங்கே ஒருவர் தனித்து நின்று ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ பேசிச் சபையோரைச் சிரிக்க வைத்தல் வேண்டும். பக்கவாத்தியம் கிடையாது. வேடம் கிடையாது. வில்லுப்பாட்டிலே உள்ளதுபோல் அருகிருந்து 'ஆமாம்' போடுவதற்கு ஒரு துணைவரும் கிடையாது. 'ஸ்ராண்ட் அப்' என அமெரிக்கர் வழங்கும் இக்கலையில், சிரிப்பு எழாவிடின் அந்த மௌனம் முழுவதும் பேசியவர் ஒருவருக்கே உரியது.

2001ஆம் ஆண்டிற் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு நியூயோர்க் சேர்ந்த இளம்பெண் ஒருவர் இத்தகைய மேடைகளில் ஏறத் தொடங்கினார். அவர் பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். பேச வருவோரைச் சபைக்கு அறிமுகஞ் செய்பவர்கள் இப்பெயரின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் தடுமாறினார்கள். சிலர் தடுமாறியதோடு நில்லாது, அந்தத் தடுமாற்றத்தையே ஒரு பகிடியாக்கினார்கள். பேசவேண்டியவர் மேடைக்கு வருமுன்னரே அவருடைய பெயருக்குச் சபை சிரித்துவிட்டது. சிரிப்பை விற்றுப் பிழைக்க வந்தவருக்கு, தாம் விதையாத சிரிப்பைப் பிறர் அறுப்பது நட்டமேயாகும். ஆகவே அவர் பெயரை வெட்டினார். முன்னே நின்ற 'சொ'வும் பின்னே நின்ற 'அம்'மும் போயின. நடுவில் எஞ்சியதை ஆங்கில நாவுக்கு இசைய 'கேலிங்' என்று ஒலித்தனர். உலகம் பின்னாளில் அறிந்த மிண்டி கேலிங் என்னும் பெயர் இவ்வாறு பிறந்தது.

மதுரையிலே கோயில்கொண்ட சொக்கநாதரின் பெயர் அது என்பதைத் தமிழருக்குச் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலும் அப்பெயர் பூண்டோர் பலர். நாடக ஆசிரியரும் அறிஞருமாகிய க. சொக்கலிங்கம் அவர்களும் தம் பெயரைச் சுருக்கியவரே. ஆயின் அவர் முற்பாதியை வைத்துக்கொண்டு 'சொக்கன்' ஆனார். சொக்கன் என்றால் அழகன். அமெரிக்காவில் எஞ்சிய துண்டோ எம்மொழியிலும் பொருள் தராத துண்டு. தமிழ்க் காதுக்கு அது 'கேலி' என்னும் சொல்லை நினைவூட்டுதல் தற்செயலே. எனினும், கேலிக்கு அஞ்சிப் பெயரை வெட்டியவருக்குக் கேலிங் என்றே பெயர் அமைந்தது வேடிக்கையானது.

அப்பெயர் அமெரிக்காவிற்கு வந்து சேர்ந்த வழியும் சுவையானது. தந்தையார் தமிழர், கட்டிடக் கலைஞர். தாயார் வங்காளி; மகப்பேற்று மருத்துவர். இருவரும் சந்தித்தது இந்தியாவில் அன்று, ஆபிரிக்காவில். நைஜீரியாவிலே தாயார் பணிபுரிந்த மருத்துவமனைக்குப் புதிய பகுதியொன்று கட்டும் வேலையைத் தந்தையார் மேற்பார்வை செய்தார். 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அமெரிக்கக் கதவை ஆசியருக்குத் திறந்துவிட்டிருந்த காலம் அது. மருத்துவரும் பொறியியலாளரும் கட்டிடக் கலைஞரும் அக்கதவினூடே ஆயிரக்கணக்கிற் சென்றனர். இத்தம்பதியரும் 1979இற் சென்றனர். அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிஜ் நகரில் மகள் பிறந்தார்.

மகளுக்கு அமெரிக்கச் சாயலுள்ள ஒரு செல்லப் பெயர் வேண்டுமென்று தாயார் விரும்பினார். நைஜீரியாவில் இருந்தபோது அவர்கள் பார்த்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்று 'மோர்க்கும் மிண்டியும்'. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திறங்கிய மோர்க் என்பவனுக்கு மிண்டி என்னும் பெண் புகலிடம் கொடுக்கிறாள். மனிதருடைய பழக்கவழக்கங்கள் புரியாமல் அவன் படும்பாடே கதை. மோர்க்காக நடித்த றொபின் வில்லியம்ஸ் மேடையிலே தனிநின்று சிரிக்க வைத்துப் பெயர்பெற்றவர். வேற்று நாடொன்றிலே குடியேறப் புறப்பட்டிருந்த ஒரு தம்பதியர், வேற்றுக் கிரகவாசியின் கதையிலிருந்து தம் பிள்ளைக்குப் பெயர் எடுத்தனர். நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் பிறப்பதற்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் கற்பனையிலும் அமைவது அரிது.

பள்ளிக்குப் பின் நியூஹாம்ப்சயர் மாநிலத்திலுள்ள டாட்மத் கல்லூரியில் அவர் நாடக ஆக்கம் பயின்றார். கல்லூரிப் பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைந்தார். நகைச்சுவைச் சஞ்சிகைக்கு எழுதினார். ஒத்திகையின்றி உடனுக்குடன் புனைந்து நடிக்கும் மாணவர் குழுவொன்றிலே சேர்ந்து நடித்தார். பத்தொன்பது வயதிலே கொனன் ஓ'பிறையனின் இரவு நிகழ்ச்சியில் ஊதியமற்ற பயிற்சியாளராக இருந்ததும் உண்டு. அந்நிகழ்ச்சி கண்ட பயிற்சியாளருள் மிக மோசமானவர் தாமே எனப் பின்னர் எழுதினார்.

அவர் ஏறிய மேடைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் நெடுங்காலம் அது ஆடவருக்குரிய மேடையாகவே இருந்தது. 1955இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் 'பேர்ப்பிள் ஒனியன்' என்னும் கூடத்தில் ஏறிய பிலிஸ் டிலர் அப்போது முப்பத்தேழு வயதுக் குடும்பப் பெண். தம் முகத்தையும் சமையலையும் தாமே இகழ்ந்து பேசிச் சபையை வென்றார். 1965இல் ஜோன் றிவர்ஸ் தொலைக்காட்சியிலே தோன்றிப் புகழ்பெற்றார். இவ்விருவருக்கும் பின்னரே பெண்கள் வரிசையாக வந்தனர். 1980களில் மேடைப் பேச்சாளரைக் கொண்டு தொலைக்காட்சித் தொடர் ஆக்கும் வழக்கம் வேரூன்றியது. றோசான் பார் 1988இல் அவ்வழி சென்று பெருவெற்றி கண்டார்.

ஆசிய வம்சத்துப் பெண்ணொருவருக்கு அவ்வழி எப்படி இருந்தது என்பதற்கு மார்கிறற் சோவின் கதை சான்று. கொரிய வம்சத்தவராகிய அவர் இருபத்தைந்து வயதிலேயே மேடையிற் புகழ்பெற்றவர். 1994இல் அவரைத் தலைவியாகக் கொண்டு 'அமெரிக்கப் பெண்' என்னும் பொருள்படத் தொடரொன்று தொடங்கினார்கள். தொடர் அவருடைய மேடைப் பேச்சிலிருந்து பிறந்தது. ஆனால் அதை ஆக்கி எழுதியோர் வேறு பலர். முகம் பருத்திருக்கிறது என்று தயாரிப்பாளர் சொல்ல, அவர் பட்டினி கிடந்து உடல் மெலிந்தார்; சிறுநீரகங்கள் கெட்டு நோயாளியானார். பாத்திரம் போதிய அளவு ஆசியத் தன்மையுடன் இல்லை என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. பத்தொன்பது நிகழ்ச்சிகளோடு தொடர் நின்றது. நடந்தவற்றை அவர் 1999இல் மேடையிலேயே, தம் சொந்தச் சொற்களால் எடுத்துரைத்தார். மிண்டி கேலிங் தொலைக்காட்சிக்கு வந்த வழியை விளங்கிக்கொள்வதற்கு இந்தக் கதை அவசியம். முகம் தன்னுடையதாயினும் பேனா பிறர் கையில் இருப்பின் நடிப்பவளுக்கு எது நேரும் என்பதை அது காட்டியது.

நியூயோர்க்கில் அவர் புறூக்லின் பகுதியிலே தோழியருடன் குடியிருந்தார். இறந்தோருடன் பேசுவதாகச் சொல்லும் ஒருவரது தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே சிற்றுத்தியோகம் பார்த்தார். இரவில் மேடை. பகலிற் கிடைத்த பொழுதில், டாட்மத்தில் உடன் பயின்ற பிறெண்டா விதர்ஸ் என்னும் தோழியுடன் விளையாட்டாக ஒரு நாடகம் எழுதினார். மற் டேமன், பென் அஃப்லெக் என்னும் நடிகர் இருவரும் 'குட் வில் ஹன்ரிங்' என்ற திரைக்கதையை எழுதி ஒஸ்கார் பரிசு பெற்றவர்கள். அக்கதையை அவர்கள் எழுதவேயில்லை, கூரையிலிருந்து அது அவர்கள்மீது விழுந்தது என்பதே நாடகத்தின் கற்பனை. பொன்னிற மயிரும் வெண்ணிறத் தோலுமுடைய பிறெண்டா மற் ஆனார். தமிழர் மகள், எவ்வித வேடமாற்றமும் இன்றி, பென் அஃப்லெக் ஆனார். ஒரு நாள் மேடைச் சண்டை மெய்ச்சண்டையாகித் தோழியின் மூக்கை உடைத்துவிட்டதும் உண்டு. 'மற் அன்ட் பென்' 2002ஆம் ஆண்டு நியூயோர்க் ஃபிறிஞ்ச் நாடக விழாவிலே தலைசிறந்த தயாரிப்பெனப் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு வேறோர் அரங்கில் நெடுநாள் நடந்தது.

நாடகத்தின் வெற்றியால் தோழியர் இருவருக்கும் தொலைக்காட்சி அழைப்பு வந்தது. தங்கள் வாழ்க்கையையே வைத்து 'மிண்டியும் பிறெண்டாவும்' என்றொரு தொடரின் முதற் பகுதியை எழுதினார்கள். மிண்டியாக நடிப்பதற்கு ஆள் தேடியபோது, மிண்டி தாமே சென்று நடிப்புத் தேர்வுக்கு நிற்கவேண்டியதாயிற்று. நின்றார், தேறவில்லை. தம் பெயருடைய, தாம் எழுதிய, தாமேயாகிய பாத்திரத்துக்குத் தாம் பொருத்தமில்லை என்ற தீர்ப்பு அவருக்குக் கிடைத்தது. வேறொரு நடிகை மிண்டியானார். அத்தொடர் ஒளிபரப்பாகவும் இல்லை.

இந்நிலையிலேதான் கிறெக் டானியல்ஸ் என்னும் தயாரிப்பாளர் 'மற் அன்ட் பென்' நாடகத்தையும் அவர் எழுதிய மாதிரிக் கதையொன்றையும் கண்டு, 'த ஒஃபிஸ்' தொடரின் எழுத்தாளராக அவரை அமர்த்தினார். வயது இருபத்துநான்கு. பிரித்தானியாவிலே றிக்கி ஜெர்வேஸ், ஸ்ரீபன் மேர்ச்சன்ற் இருவரும் ஆக்கிய தொடரின் அமெரிக்க வடிவம் அது; பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிறான்ரன் நகரிலே கடதாசி விற்கும் கம்பனியொன்றின் கிளை அலுவலகத்தில் நடக்கும் கதை. எழுத்தாளர் எண்மர். அவருள் பெண் இவர் ஒருவரே. வெள்ளையரல்லாத எழுத்தாளரை ஊக்குவிக்கும் திட்டத்தின்படி அவருடைய சம்பளத்தைத் தொடரின் கணக்கிலன்றி ஒளிபரப்பு நிறுவனமே கொடுத்தது. அத்திட்டத்தின் பெயராலேயே தாம் அறியப்படுவது நெடுங்காலம் தமக்கு வெட்கமாக இருந்ததென்றும், பிறருக்கு உறவினரும் நண்பரும் திறந்துவிட்ட வாயிலையே அத்திட்டம் தமக்குத் திறந்ததெனப் பின்னரே உணர்ந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுத்து ஓர் அறையிலே நடைபெறும் கூட்டுத்தொழில் என்பதை இங்கே சொல்லவேண்டும். ஒரு நீண்ட மேசை, சுற்றிலும் எழுத்தாளர். கதையின் போக்கை எல்லோரும் சேர்ந்து வகுப்பர். ஒருவர் தனியே சென்று முதற்படியை எழுதி வருவார். பின்னர் அறை முழுவதும் அதனை வரிவரியாக அறுத்துத் தைக்கும். ஒரு பகிடியைச் சொன்னதும் மேசையைச் சுற்றியிருப்போர் சிரித்தால் அது நிற்கும், இல்லையேல் போகும். தனிமேடையிலே அடிபட்டுத் தேறியவருக்கு இது பழகிய களமே. 'த ஒஃபிஸ்' அறைக்கு இன்னுமொரு சிறப்பு உண்டு. எழுதுவோரே நடிக்கவும் செய்தார்கள். பி. ஜே. நோவக், போல் லீபர்ஸ்ரைன் ஆகிய எழுத்தாளர் போல மிண்டியும் ஒரு பாத்திரம் ஏற்றார். நடிப்புத் தேர்வு மண்டபத்தின் வாயிலில் அடைபட்ட கதவு, எழுத்தறையின் பக்கமாக இவ்வாறு திறந்தது.

அவர் முதன்முதல் தோன்றிய நிகழ்ச்சி 2005 மார்ச் 29ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. அலுவலகத்தின் முகாமையாளர் மைக்கல் ஸ்கொற், இனவேறுபாடுகளை மதித்தல் பற்றித் தம் ஊழியருக்குப் பாடம் நடத்தப் புகுகிறார். எதை மதிக்கவேண்டும் என்கிறாரோ அதனையே இழிவு செய்கிறார். கெலி கபூர் என்னும் ஊழியப் பெண்ணின் முன் வந்து நின்று, இந்தியக் கடைக்காரர் ஒருவரைப்போல் உச்சரித்துக் காட்டுகிறார். அவள் ஒன்றும் பேசாமல் அவர் கன்னத்தில் அறைகிறாள். அவ்வளவே அவளுடைய பங்கு. 1990 தொடக்கம் 'சிம்சன்ஸ்' சித்திரத் தொடரிலே அபு என்னும் கடைக்காரருக்கு வெள்ளையர் ஒருவர் குரல் கொடுத்துவந்த நாடு அது. பள்ளிக்கூடங்களிலே இந்தியப் பிள்ளைகளின் காதில் நாள்தோறும் அக்குரல் விழுந்த நாடு. அந்த அறையின் ஓசையைப் பலர் பல ஆண்டுகளாகக் காத்திருந்து கேட்டார்கள் என்றால் மிகையன்று.

நாளடைவிற் கெலி கபூர் வாயோயாது பேசுபவளாக, நடிகர் நடிகையர் வம்பிலும் காதலிலும் மூழ்கியவளாக மாறினாள். அதுவும் ஒரு விடுதலையே. அதுகாறும் அமெரிக்கத் திரையிலே இந்தியப் பெண் என்றால் அடக்கமும் அறிவும் துயரமுமாகவே இருப்பாள். அற்பத்தனமாக இருக்கும் உரிமையை அவளுக்கு முதலிற் பெற்றுக் கொடுத்தவள் கெலி. ஆயினும் சொக்கலிங்கத்தின் மகளுக்குப் பாத்திரத்திலே கிடைத்த குலப்பெயர் கபூர் என்பதையும் கவனித்தல் வேண்டும். அமெரிக்கருக்கு இந்தியா ஒன்றே. கபூர் சொல்ல எளிது.

ஒன்பது ஆண்டு நடந்த அத்தொடருக்கு அவர் இருபதுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை எழுதினார். அவற்றுள் ஒன்று 2006 நவம்பர் 2ஆம் நாள் வெளியான 'தீபாவளி'. கெலி தன் அலுவலகத்தார் அனைவரையும் பாடசாலை மண்டபமொன்றிலே நடக்கும் தீபாவளி விழாவுக்கு அழைக்கிறாள். விழாவின் பொருள் யாது என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. உணவும் ஆட்டமும் உடையும் பற்றிச் சொல்லுகிறாள். விடையை ஒப்புவிப்பவனோ டுவைற் என்னும் வெள்ளைக்காரன். இலங்கை வேந்தன் இராவணனை வென்று இராமன் முடிசூடிய கதையை அவன் பிழையின்றிச் சொல்லுகிறான். தமிழர் வழக்கிலே தீபாவளி நரகாசுரனுக்குரியது என்பது அந்த அறையிலிருந்த எவருக்கும் தோன்றியிராது. எனினும் புலம்பெயர்ந்த வீடுகளின் நிலையை இதனினும் சுருக்கமாகக் காட்டல் இயலாது. பிள்ளைக்கு விழா தெரியும், பொருள் தெரியாது. பொருளைப் புத்தகத்திற் படித்தவன் அயலான். கெலியின் பெற்றோராக அந்நிகழ்ச்சியிலே தோன்றியவர்கள் மிண்டியின் சொந்தத் தாய் தந்தையரே.

2009இல் வெளியான 'நயாகரா' என்னும் திருமண நிகழ்ச்சியைக் கிறெக் டானியல்சுடன் சேர்ந்து எழுதியதற்காக அடுத்த ஆண்டு எம்மி விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. இவ்விருது தொடர்பாக ஒரு வழக்கும் உண்டு. தொடர் விருதுக்குரியதாக நின்றபோது தயாரிப்பாளர் தொகை மிகுதி என்று கூறித் தம் பெயரை நீக்க முனைந்தனர் என்றும், தமது உழைப்பை மெய்ப்பிக்கும்படி விண்ணப்பமும் பிறரது கடிதங்களும் கேட்கப்பட்டன என்றும் 2019இல் அவர் வெளியிட்டார். தனியொருவரை நோக்கி எதுவும் செய்யப்படவில்லை, எல்லோரிடமும் அவ்வாறே கேட்கப்பட்டது என்று விருதளிக்கும் கழகம் மறுமொழி கூறிற்று. பெயர் நீக்கப்படவில்லை.

2012ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தாயார் புற்றுநோயாற் காலமானார். மகள் தாமே ஆக்கித் தாமே தலைவியாக நடிக்கும் தொடர் உருப்பெற்றது அதே நாட்களிலேதான். 'த மிண்டி புரொஜெக்ற்' அவ்வாண்டு செப்ரெம்பர் 25ஆம் நாள் தொடங்கியது. தலைவி மிண்டி லஹிரி நியூயோர்க்கில் மகப்பேற்று மருத்துவர். தாயாரின் தொழில், தாயாரின் வங்காளக் குலத்துக்கு இயைந்த பெயர். துயரத்தை அவர் நேரே எழுதவில்லை. மருத்துவச்சியாகிய மகள் காதலிற் படும் அவதிகளைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். மூன்று ஆண்டின் பின் ஃபொக்ஸ் நிறுவனம் தொடரைக் கைவிட்டது. இணையவழி ஒளிபரப்பும் ஹூலு நிறுவனம் எடுத்து நடத்தியது. 2017 நவம்பரில் முடிந்தபோது 117 நிகழ்ச்சிகள் நிறைந்திருந்தன. அந்த நாயகிக்கு வாய்த்த காதலர் பெரும்பாலும் வெள்ளையர், அவளைச் சுற்றி வேறு இந்தியர் அரிது என்ற குறையை அக்காலத்திற் பலர் எடுத்துரைத்தனர். அக்குறை நியாயமானதே. தொடரின் உரிமையும் பேனாவும் அவர் கையிலிருந்தும், தம் வீட்டு மனிதரை அவர் இன்னும் மேடைக்கு அழைக்கவில்லை.

2019இல் வெளிவந்த 'லேற் நைற்' என்னும் திரைப்படம் தொழிலையே பொருளாகக் கொண்டது. இரவு நிகழ்ச்சி நடத்தும் மூத்த பெண்மணியாக எம்மா தொம்சன் நடித்தார். ஆடவர் மட்டுமே எழுதும் அவரது அறைக்குள், இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வந்த மொலி பட்டேல் என்னும் பெண் எழுத்தாளராக நுழைகிறாள். மொலியாக மிண்டி நடித்தார். கதை வசனமும் அவருடையதே. அமெரிக்காவில் ஜோன் றிவர்சுக்கு 1986இல் இத்தகைய இரவு நிகழ்ச்சியொன்று கிடைத்து அடுத்த ஆண்டே பறிபோனதை நினைவில் வைத்துப் பார்ப்போருக்கு, எம்மா தொம்சனின் பாத்திரம் முழுக் கற்பனை. மொலியின் பாத்திரம் பெரும்பாலும் வரலாறு.

அதே ஆண்டின் இறுதியில், கமலா ஹரிஸ் அம்மையாருடன் சேர்ந்து மசாலைத் தோசை சுடும் காட்சியொன்றில் மிண்டி தோன்றினார். இருவரும் தமிழ் வழிவந்தோர். ஒருவருக்குத் தந்தை வழி, மற்றவருக்குத் தாய் வழி. உடனடிக் கோப்பி வாங்கிய வெற்றுப் போத்தல்களிலே மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போன்ற சரக்குகளை அடைத்து வைக்கும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இருந்ததென அப்போது தெரியவர, இருவரும் வியந்து சிரித்தனர். அவ்வியப்பு இலங்கைத் தமிழ் வீடுகளில் எவருக்கும் எழாது.

தம் வீட்டு மனிதரை அவர் மேடைக்கு அழைத்தது அதன் பின்னரே. 2020 ஏப்ரல் 27ஆம் நாள் நெற்பிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'நெவர் ஹாவ் ஐ எவர்', அதாவது 'நான் ஒருபோதும் செய்ததில்லை', லாங் ஃபிஷர் என்னும் பெண் எழுத்தாளருடன் கூடி அவர் ஆக்கியது. கலிபோர்னியாவிலே வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். மகள் தேவி விஸ்வகுமார், பதினைந்து வயது, கடுங்கோபக்காரி. தாய் நளினி தோல்நோய் மருத்துவர். தந்தை மோகன், மகள் இசைக்கச் சென்ற பாடசாலைக் கச்சேரியிலே அவள் கண்முன்னே மாரடைப்பால் விழுந்து இறக்கிறார். அதிர்ச்சியால் அவள் கால்கள் சில மாதம் இயங்காமற் போகின்றன. இத்தனையும் முதல் நிகழ்ச்சியின் முதற் சில நிமிடங்களுக்குள் வேடிக்கைபோலச் சொல்லப்படுகின்றது. பின்வரும் சண்டைகள், பொய்கள், காதற் பித்துகள் எல்லாவற்றின் அடியிலும் அழாத ஓர் அழுகை இருந்துகொண்டே போகிறது. முதலாண்டின் இறுதியிலே தாயும் மகளும் தந்தையின் சாம்பலைக் கடலிற் கரைக்கிறார்கள். தாயார் மறைந்து எட்டு ஆண்டு கழிந்தபின், பெற்றோரை இழந்த பிள்ளையின் துயரை அவர் நேரே எழுதினார்.

நான்காம் நிகழ்ச்சி விநாயகர் விழா. தேவி பாவாடை தாவணி உடுத்து வருகிறாள். கோயில் மண்டபத்திலே மாமிமாரின் குறுக்கு விசாரணைக்கு அஞ்சி ஒதுங்குகிறாள். தன்னைப்போலவே இவற்றையெல்லாம் எள்ளிய இளைஞனொருவன், கல்லூரிக்குச் சென்று மனம் மாறி, விரும்பி வந்து நிற்பதைக் கண்டு திகைக்கிறாள். பதினான்கு ஆண்டுக்கு முந்திய 'தீபாவளி'யை அருகில் வைத்து நோக்கினால் மாற்றம் விளங்கும். அங்கே விழாவுக்கு வந்த வெள்ளையரின் கண்களால் மண்டபத்தைக் கண்டோம். இங்கே பார்ப்பவள் அம்மண்டபத்துப் பிள்ளை.

தேவியாக நடிப்பதற்கு யாரும் விண்ணப்பிக்கலாம் என்று 2019இல் அறிவித்தபோது 15,000 பேர் வரையில் விண்ணப்பித்தனர். தெரிவுபெற்றவர் கனடாவின் மிசிசாகா நகரில் வாழ்ந்த பதினேழு வயது மாணவி மைத்ரேயி ராமகிருஷ்ணன். பெற்றோர் இலங்கையின் போரினால் அகதிகளாகக் கனடா சேர்ந்த தமிழர். அதற்குமுன் அவர் திரையில் நடித்தவரல்லர். தோழி ஒருவரின் தூண்டுதலால் நடித்துப் பதிவுசெய்து அனுப்பியவர். ஒரு காலத்திலே தம் பெயருடைய பாத்திரத்துக்கே பொருத்தமற்றவர் என்று தள்ளப்பட்டவர், பதினைந்து ஆண்டின் பின் தேர்வு மேசையின் மறுபுறத்தில் இருந்தார்.

மைத்ரேயி தம் பெயரை வெட்டவில்லை. அதனை எவ்வாறு உச்சரிப்பதென்று பகிரங்கமாக விளக்கினார். சரியாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அமெரிக்க ஊடகத்தார் சிலகாலம் இடறினர், பின்னர் பழகினர். கேலிங் தம் இளமையில் இவ்வாறு கேட்டிருக்கலாகாதா என்று வினவுவோர் உளர். 2002இல் ஒரு சிறுகூடத்திலே ஐந்து நிமிடம் மட்டும் பெற்ற பெண்ணுக்கு அந்த ஐந்தில் ஒன்றைப் பெயர்ப்பாடத்துக்குக் கொடுக்க வசதியிருக்கவில்லை என்பதே விடை. மைத்ரேயிக்குக் கிடைத்த நேரம் அவர் வருமுன்னரே வேறொருவர் சம்பாதித்து வைத்தது. அந்தத் தொடரிலே விஸ்வகுமார் என்னும் பெயரை ஆசிரியரும் மாணவரும் மருத்துவரும் நாற்பது நிகழ்ச்சிகளிலே முழுமையாகச் சொன்னார்கள். 2023 ஜூன் 8ஆம் நாள் இறுதிப் பகுதி வெளியாயிற்று. தேவி பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகம் செல்கிறாள். பாட்டி நிர்மலா மறுமணஞ் செய்கிறாள்.

அவ்வாண்டு மார்ச் மாதத்திலே வெள்ளை மாளிகையில் 2021ஆம் ஆண்டுக்குரிய தேசியக் கலைப் பதக்கத்தை மிண்டி கேலிங் பெற்றார். 2025 பெப்ரவரியில் ஹொலிவூட் நடைபாதையிலே அவர் பெயர் பொறித்த நட்சத்திரம் பதிக்கப்பட்டது. அதே மாதம் 'றன்னிங் பொயின்ற்' என்னும் புதிய தொடர் வெளிவந்தது. கூடைப்பந்துக் கழகமொன்றின் தலைமையை ஏற்கும் பெண்ணின் கதை அது; முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் கேற் ஹட்சன். மிண்டியின் பெயர் அதனை ஆக்கியோர் வரிசையில் இருந்தது.